கோணல் மேடை

நாடக ஆசிரியை மார்ச்சில் போலந்துக்குப் போய்விட்டாள்,
கோழி வெட்டும் ஆலையில் வேலை.
ஏழாம் வகுப்பின் செவ்வாய், வியாழன்
மூன்றாம் பாடவேளைகள்
என் தலையில் விழுந்தன.
நான் பௌதிகக்காரி.
விழுகிற பொருள்களைப் பற்றி
ஓரளவு தெரியும்.

எங்கள் கூடத்தின் தரை உண்மையிலேயே கோணல்.
மலைக்கடியில் மாங்கனீசு தோண்டித் தோண்டி
பள்ளிக்கூடம் ஒருக்களித்துப் படுக்கப் பார்க்கிறது.
சாக்கட்டியைக் கீழே வைத்தால்
குவிரிலா ஆற்றுப் பக்கம் உருளும்.
ஆடத் தெரியாதவள் சொல்லவேண்டிய சாக்கை
எனக்கு அரசாங்கமே கட்டிக்கொடுத்திருந்தது.

முதல் நாள் பலகையில் நேர்கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் துன்பியல், அந்தப் பக்கம் இன்பியல்.
செத்தால் இது. கல்யாணம் ஆனால் அது.
ஊச்சா கை தூக்கினான்:
"எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, டீச்சர்.
எந்தப் பக்கம் எழுதட்டும்?"

மிகையுணர்ச்சி நாடகத்துக்குத் தெக்லே வந்தாள்.
பதினோரு நிமிடம் செத்தாள்,
நிறுத்துகடிகாரம் வைத்துப் பார்த்தேன்.
நடுவில் இரண்டு முறை எழுந்து
கூந்தலைச் சரிசெய்துகொண்டு
மறுபடி செத்தாள்.

தனிமொழிக்கு யாரும் வரவில்லை.
எவரும் கேட்காதபோது பேசுவது என்று
நான்தான் விளக்கியிருந்தேன்.
அப்படியானால் நாங்கள் எதற்கு
இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள்.
பதில் தெரியவில்லை. மணி அடித்தது.

மே மாதம் தேர்வு.
நான்கு பேராய் நடிக்கவேண்டும்.
என்ன வகை என்று மற்றவர்கள்
துண்டுச்சீட்டில் எழுதவேண்டும்.

ஜாபாவின் குழு ஒரு காலிப் படச்சட்டத்தோடு வந்தது.
சட்டத்துக்குள் ஜாபா, தலையில் முக்காடு.
அது இத்தாலியில், பாரி நகரில்,
யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப்
போனுக்கு முன் உட்கார்ந்த அம்மா.
சட்டத்துக்கு வெளியே ஊச்சா, மகன்.

"சாப்பிட்டியா?"
"சாப்பிட்டேன்."
"என்ன?"
"ரொட்டி."
"ரொட்டிக்கு என்ன?"
"இன்னொரு ரொட்டி."

கூடம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.
எங்கள் வகுப்பில் ஒன்பது அம்மாக்கள்
இதே அளவுச் சட்டத்தில் வாழ்கிறார்கள்.

"கேட்குதா?"
"என்ன?"
"கேட்குதான்னு கேட்டேன்!"

அத்தோடு ஜாபா உறைந்தான்.
வாய் பாதி திறந்து,
ஒரு கண் மூடி,
கை டாட்டாவுக்கு எழும்பிய உயரத்திலேயே.
இன்னும் பலத்த சிரிப்பு.
எல்லோருக்கும் தெரிந்த முகம் அது.

அவன் நகரவில்லை.
சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாகக் காலியானது.
மேஜைமேல் நின்ற சட்டம் மட்டும்
தரையின் சாய்வுக்குக் கீழ்ப்படிந்து
மெல்ல நழுவத் தொடங்கியது.
ஒத்திகையில் இல்லாத காட்சி.
ஊச்சா பாய்ந்து அதைப் பிடித்தான்.
இரு கைகளாலும்.
பிடித்தபடி நின்றான்,
அடுத்த வசனம் மறந்துபோய்.

எழுதுங்கள் என்றேன், குரலைச் சரிசெய்துகொண்டு.

சீட்டுகளை எண்ணினேன்.
இன்பியல் எட்டு.
மௌன நாடகம் ஐந்து.
துன்பியல் மூன்று, அதில் ஒன்று அடித்துத் திருத்தியது.
அங்கதம் ஒன்று, எழுத்துப்பிழையோடு.
ஒரு சீட்டு வெறுமையாய்.
ஒன்றில் "ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும்.

மதிப்பெண் பதிவேட்டில் 'வகை' என்றொரு கட்டம் இருக்கிறது.
அதில் பேனாவை வைத்து
ஒரு நீலப் புள்ளி மட்டும் வைத்தேன்.
புள்ளி பெரிதானது.

"டீச்சர்," என்றது சட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்,
உதடு அசையாமல்.
"இப்போ நகரலாமா?"

முடிந்தது என்று அவனிடம்
யாருமே சொல்லியிருக்கவில்லை.

அடுத்த குழு
ஒரு பாட்டில் பீட்ரூட் சாற்றோடு காத்திருந்தது.
கொலை. நல்ல தெளிவான கொலை.
வகையில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.
அத்தனை சீட்டிலும் ஒரே சொல்.
சாறு பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து,
எங்கள் காலணிகளைச் சுற்றிக்கொண்டு,
ஆற்றுப் பக்கமாக ஓடியது.